சிறுத்தையின் சாட்சியம்

நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு வருகிற கடிதங்கள் மூன்று வகை. "கதாநாயகியை ஏன் சாகடித்தீர்கள்?" என்று சண்டைக்கு வருபவை ஒரு வகை. "என் வாழ்க்கையையே ஒரு பெரிய நாவலாக எழுதலாம், நேரில் வந்தால் சொல்கிறேன்" என்று அழைப்பவை இன்னொரு வகை. இந்த இரண்டையும் படித்துவிட்டு, பதில் போட்டுவிட்டு, மறந்துவிடலாம். மூன்றாவது வகை, தவறு கண்டுபிடிக்கிற கடிதங்கள். அவை நெருஞ்சி முள்ளைப் போன்றவை. எடுத்து எறிந்த பிறகும் நடக்கும்போதெல்லாம் குத்திக்கொண்டே இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு அப்படி ஒரு கார்டு வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்தவராம்.

என்னுடைய தொடர்கதை ஒன்றில் ஒரு கொலை வழக்கு வருகிறது. எதிரிக்காக வாதாடும் வக்கீல், தம் கட்சிக்காரனைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், மனித குலம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். "முப்பது லட்சம் வருஷங்களுக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் நம் முன்னோன் ஒருவன் மான் எலும்பைக் கையில் எடுத்து இன்னொருவன் மண்டையைப் பிளந்தான். அன்றைக்குத்தான் அவன் மனிதனானான். கொலை நம் எல்லோருடைய ரத்தத்திலும் இருக்கிறது. இந்த ஏழை ஒருவனை மட்டும் தண்டிப்பது நியாயமா?" என்று முழங்குகிறார். அந்த அத்தியாயம் வெளியான வாரம் பாராட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிற்று.

ஆசிரியரின் கார்டு அந்தக் கனத்தை இறக்கி வைத்தது. "தங்கள் வக்கீலின் வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் கொண்டுவந்த சாட்சி செல்லாது. பிரெய்ன் என்பவர் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து எப்போதோ கலைத்துவிட்டார். விசாரித்துப் பார்க்கவும்." இவ்வளவுதான் கடிதம்.

விசாரித்துப் பார்த்தேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படிக்காதவன் நான். விஞ்ஞானப் புத்தகங்களை மெதுவாகத்தான் படிக்க முடிகிறது. ஆனாலும் படிக்கப் படிக்க, இப்படி ஒரு துப்பறியும் கதையை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது என்று தோன்றியது. நான் தெரிந்துகொண்டதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், என் வக்கீலுக்கு அந்த வாதம் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

ரேமண்ட் டார்ட் என்பவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த டாக்டர். முதல் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில் ராணுவ வைத்தியப் பிரிவில் வேலை பார்த்தவர். பிறகு தென் ஆப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் நகரத்துக்கு உடற்கூறு பேராசிரியராக வந்து சேர்ந்தார். 1924-ஆம் வருஷக் கடைசியில் ஒரு நாள் நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்காக உடுத்திக்கொண்டிருந்தபோது, தவுங் என்ற ஊரின் சுண்ணாம்புக் கல் சுரங்கத்திலிருந்து அவருக்குப் பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே பாறைத் துண்டுகள். அவற்றில் ஒன்றில் ஒரு சின்ன மூளையின் வார்ப்பு. கல்யாண வீட்டார் காத்திருக்க, மாப்பிள்ளைத் தோழர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் பல வாரங்கள், மனைவியின் பின்னல் ஊசியை வைத்துக்கொண்டு, கல்லைத் துளித் துளியாகச் சுரண்டினார். வெளிப்பட்டது ஒரு குழந்தையின் முகம். அது முழுக்க மனிதனும் இல்லை, முழுக்கக் குரங்கும் இல்லை.

1925 பிப்ரவரியில் 'நேச்சர்' என்ற பிரசித்தி பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் டார்ட் அதைப் பற்றி எழுதினார். 'ஆஸ்ட்ரலோபிதிக்கஸ்' என்று பெயர் வைத்தார். தெற்கத்திக் குரங்கு என்று அர்த்தம். லண்டனில் இருந்த பெரியவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஏதோ ஒரு மனிதக் குரங்கின் குட்டி என்று தள்ளிவிட்டார்கள். ராபர்ட் புரூம் என்ற ஸ்காட்லாந்துக்கார டாக்டர் 1936-லும் அதற்குப் பிறகும் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகையில் வளர்ந்த ஆஸ்ட்ரலோபிதிக்கஸ்களின் எலும்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டிய பிறகுதான் டார்ட் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது. அதற்குள் இருபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

இருபது வருஷம் அவமானத்தைப் பொறுத்து ஜெயித்த மனிதர் அடுத்தபடியாக ஏதாவது சொன்னால் உலகம் காது கொடுத்துத்தானே கேட்கும்? டார்ட் சொன்னார். மகாபான்ஸ்காட் என்ற இன்னொரு குகையில், 25 லட்சம் வருஷங்களுக்கும் முற்பட்ட அடுக்கில், ஏராளமான எலும்புகள் கிடைத்தன. அவற்றில் 7,159 துண்டுகளை அவர் எண்ணிப் பார்த்தார். ஒரு விசித்திரம் தெரிந்தது. மானின் முன்னங்காலில் தோளை ஒட்டிய எலும்பு இருக்கிறதே, அதன் கீழ் முனைகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. மேல் முனைகளோ அதில் பத்தில் ஒரு பங்குதான். வால் எலும்புகளைக் காணவே காணோம். இது தற்செயலாக நடக்காது, யாரோ பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று டார்ட் தீர்மானித்தார். கீழ் முனையில் இரண்டு புடைப்புகள் உண்டு, அது கதாயுதம். தாடை எலும்பு ரம்பம். கொம்பு குத்துவாள். அந்தக் குகைகளில் கிடைத்த பபூன் குரங்குகளின் மண்டைகள் சிலவற்றில் இரட்டைப் பள்ளங்கள் இருந்தன. கதாயுதத்தின் முனை அவற்றில் பொருந்தியது. ஆகவே நம் முன்னோன் கொலைகாரன். ஆயுதம் ஏந்திய வேடன். கொன்று தின்றதனால்தான் அவன் மனிதனானான்.

1953-லும் 1957-லும் டார்ட் இதை எழுதினார். இரண்டு உலக யுத்தங்களையும் ஹிரோஷிமாவையும் பார்த்துவிட்டிருந்த உலகம் அது. 'மனிதன் ஏன் இப்படி?' என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் இருந்தது. அதற்கு விடை மாதிரி வந்தது டார்ட்டின் கதை. ராபர்ட் ஆர்ட்ரி என்ற அமெரிக்க நாடகாசிரியர் அதை வைத்து 1961-ல் 'ஆப்பிரிக்கன் ஜெனஸிஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். அது அமோகமாக விற்றது. 1968-ல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற சினிமாவில் ஒரு குரங்கு மனிதன் எலும்பைத் தூக்கி அடிக்கிற காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். என் வக்கீலுக்கு வாதம் கிடைத்தது ஆர்ட்ரியின் புத்தகத்திலிருந்து. பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். அட்டை கிழிந்திருந்தது, உள்ளே கதை நெருப்பாக இருந்தது. கதை எழுதுகிறவன் இன்னொரு கதை எழுதுகிறவனை நம்பிவிட்டேன்.

இப்போது குறுக்கு விசாரணை செய்தவருக்கு வருவோம்.

சார்ல்ஸ் கிம்பர்லின் பிரெய்ன் 1931-ல் தெற்கு ரொடீஷியாவில் பிறந்தவர். இன்று அந்த நாட்டுக்குப் பெயர் ஜிம்பாப்வே. நண்பர்கள் அவரை பாப் என்று அழைத்தார்கள். மண்ணையும் கல்லையும் படித்தவர். 1950-களில் அவர் அந்தக் குகைகளுக்குள் புகுந்தபோது அவருக்கு மண்டை ஓடுகள் மேல் அவ்வளவு நாட்டம் இல்லை. அந்த மண்டை ஓடுகளைச் சுற்றியிருந்த மண்மேல்தான் கண். 'இந்த மண் குகைக்குள் வந்து விழுந்த காலத்தில் வெளியே மழை எப்படிப் பெய்தது?' இதுதான் அவருடைய கேள்வி.

அந்தப் பிரதேசத்தின் பாறை டோலமைட். சுண்ணாம்புக்கு உறவு. மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துப் பூமிக்குள் குகைகளை உண்டாக்குகிறது. கூரை ஒரு நாள் மெலிந்து ஓட்டையாகிறது. அந்த ஓட்டை வழியாக மேல்மண், எலும்பு, சருகு எல்லாம் உள்ளே விழுகின்றன. கூரையிலிருந்து சொட்டுகிற சுண்ணாம்புத் தண்ணீர் அவை எல்லாவற்றையும் சேர்த்துக் கான்கிரீட் மாதிரி இறுக வைத்துவிடுகிறது. இப்படி லட்சக்கணக்கான வருஷத்து மண், அடுக்கடுக்காக, கணக்குப் பிள்ளையின் பேரேடு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிரெய்ன் அந்தக் கல்லைக் கரைத்து மணல் மணியாகப் பிரித்தார். டோலமைட்டிலிருந்து உதிர்ந்த செர்ட் என்ற கல்லின் துணுக்குகள் எத்தனை, காற்றும் நீரும் கொண்டுவந்த வெங்கச்சங்கல் மணல் எத்தனை என்று எண்ணினார். இன்றைக்கு மழை குறைவான ஊர்களிலும் மிகுந்த ஊர்களிலும் இந்த விகிதம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பழைய காலத்து மழையைக் கணக்கிட முயன்றார். 1958-ல் அது புத்தகமாக வெளிவந்தது. பிற்காலத்து அறிஞர்கள் அந்தக் கணக்கை அப்படியே ஏற்கவில்லை. இருந்தாலும், முன்னோர்களை அறிய வேண்டுமானால் முதலில் அவர்கள் தலைக்கு மேல் இருந்த வானத்தை அறிய வேண்டும் என்று அவர் பிடித்த பிடி சரியான பிடி. கதையிலும் அப்படித்தானே? ஊரும் மழையும் தெரியாமல் பாத்திரத்தை எழுதினால் அது அட்டைப் பொம்மையாகத்தான் நிற்கும்.

1965-ல் பிரெய்ன் ஸ்வார்ட்கிரான்ஸ் என்ற குகையில் வேலையை ஆரம்பித்தார். ஸ்டெர்க்ஃபோன்டைனுக்கு எதிர்ப்புறத்தில், ஒரு சிறு பள்ளத்தாக்கின் மறு கரையில் இருக்கிறது அது. புரூமும் அவருடைய உதவியாளர் ராபின்ஸனும் 1948 முதல் அங்கே தோண்டியிருந்தார்கள். நடுவில் சுண்ணாம்புக்காரர்கள் வெடி வைத்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் குப்பை மேட்டைப் பிரித்துப் பார்க்கவே பிரெய்னுக்குப் பல வருஷங்கள் பிடித்தன. மொத்தம் 21 வருஷங்கள் அந்த ஒரே குகையில் உழைத்தார். பிரிட்டோரியாவில் இருந்த டிரான்ஸ்வால் மியூசியத்தின் டைரக்டர் பதவியையும் 1968 முதல் 1991 வரை வகித்தார்.

டார்ட்டின் எலும்புக் கணக்கு அவர் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. 'மேல் முனை எங்கே போயிற்று?' இதற்கு விடை தேடி அவர் போன இடம் நமீப் பாலைவனம். அங்கே குய்செப் என்ற வறண்ட ஆற்றங்கரையில் கொய்கொய் மக்களின் சின்னக் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களுடைய செல்வம் வெள்ளாடுதான். ஆட்டை அறுத்துச் சமைத்துத் தின்றுவிட்டு எலும்பை வெளியே எறிகிறார்கள். நாய்கள் அதைக் கடித்துக் குதறுகின்றன. மிச்சம் வெயிலில் காய்கிறது. பிரெய்ன் அந்த மிச்சத்தைப் பொறுக்கிச் சேர்த்து எண்ணினார். என்ன ஆச்சரியம்! முன்னங்கால் எலும்பின் கீழ் முனைகள் குவியலாக இருந்தன; மேல் முனைகள் மாயமாகியிருந்தன. வால் எலும்புகளும் இல்லை. மகாபான்ஸ்காட்டின் கணக்கும் வெள்ளாட்டின் கணக்கும் ஏறத்தாழ ஒன்றே.

காரணம் ரொம்ப எளிது. கீழ் முனை, ஆடு குட்டியாக இருக்கும்போதே கெட்டிப்பட்டுவிடும். மேல் முனை வெகு காலம் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். நாய்ப் பல்லுக்கு அது மிட்டாய். கடினமானது மிஞ்சியது, மெதுவானது போயிற்று. இங்கே கதாயுதம் பொறுக்கியவர் யாரும் இல்லை. நாய்க்குப் பதிலாகக் கழுதைப்புலி என்று வைத்துக்கொண்டால் டார்ட்டின் ஆயுதசாலை முழுவதும் ஒரு பழைய எச்சில் குப்பையாகிவிடுகிறது.

இதோடு முடியவில்லை. ஸ்வார்ட்கிரான்ஸில் கிடந்த குரங்கு மனிதர்கள் எப்படிச் செத்தார்கள்? எப்படி அந்தக் குழிக்குள் வந்து சேர்ந்தார்கள்? கிடைத்தவை பெரும்பாலும் மண்டை ஓடுகள், பற்கள். உடம்பின் மற்ற எலும்புகள் மிகச் சில. முதுகெலும்பு ஏன் அவ்வளவு குறைவு? சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் பபூன் குரங்கைத் தின்றால் எதை மிச்சம் வைக்கும் என்று பிரெய்ன் உணவு போட்டே பரிசோதித்தார். மானின் முதுகெலும்பை விட்டுவிடுகிற சிவிங்கிப்புலி, பபூனின் முதுகெலும்பை மென்று விழுங்கிவிட்டது. தலை மட்டும் மிஞ்சியது.

அப்புறம் மரம். அந்த மேட்டு நிலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புல்வெளி. குளிர்காலத்தில் உறைபனி கொட்டும். பெரிய மரங்கள் அபூர்வம். ஆனால் குகை வாயில்களில் மட்டும் மரங்கள் நிற்கின்றன. பனியும் காட்டுத்தீயும் அங்கே எட்டுவதில்லை. வேருக்கு ஈரமும் கிடைக்கிறது. சிறுத்தை தன் இரையைக் கழுதைப்புலிகள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க மரத்தின் மேல் தூக்கிக்கொண்டு போய்த் தின்னும். மரமே இல்லாத வெளியில் அதற்கு எந்த மரம் கிடைக்கும்? குகை வாயில் மரம்தான். தின்று போட்ட மிச்சம் நேரே கீழே ஓட்டைக்குள் விழும். மண் மூடும். சுண்ணாம்பு இறுக்கும். இருபது லட்சம் வருஷங்கள் கழித்து ஒருவர் வந்து தோண்டுவார்.

இவ்வளவும் ஊகம் என்று யாராவது சொல்லலாம். அதற்கும் பிரெய்னிடம் ஓர் அத்தாட்சி இருந்தது. 1949-ல் ஸ்வார்ட்கிரான்ஸில் ஒரு சிறு பிள்ளையின் மண்டை ஓட்டுப் பகுதி கிடைத்திருந்தது. எஸ்.கே. 54 என்பது அதன் எண். மண்டையின் பின்பக்கத்தில் இரண்டு துளைகள், சுமார் 33 மில்லிமீட்டர் இடைவெளியில். கொலைக் கதையை நம்பியவர்கள் கண்ணுக்கு அது ஆயுதம் பட்ட காயம். பிரெய்ன் அதே குகையில், அதே காலத்து அடுக்கில் கிடைத்த ஒரு சிறுத்தையின் கீழ்த்தாடையை எடுத்து வந்தார். அதன் இரண்டு கோரைப்பற்களையும் அந்தத் துளைகளில் வைத்துப் பார்த்தார். பூட்டும் சாவியும் மாதிரிப் பொருந்தின.

வாசகர்கள் அந்தக் காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். சிறுத்தை அந்தப் பிள்ளையைக் கொன்றுவிட்டு, மேல்பற்கள் முகத்திலும் கீழ்ப்பற்கள் பின் மண்டையிலும் பதியத் தலையைக் கவ்வி, உடல் கால்களுக்கு நடுவே தரையில் இழுபட, மரத்தை நோக்கிப் போகிறது. எங்கேயோ ஒரு தாய் இருந்திருப்பாள். ஓடிவந்து எட்டிப் பார்க்கவும் துணியாமல் இருளில் ஒடுங்கியிருப்பாள். என் வக்கீல் கொலைகாரன் என்று கைநீட்டிக் காட்டிய முன்னோன் இவன்தான்.

1970-ல் பிரெய்ன் இந்தத் துளைகளைப் பற்றி எழுதினார். 1981-ல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். வேடர்களா, வேட்டையாடப்பட்டவர்களா என்ற கேள்வியே அந்த நூலின் தலைப்பு.

சரி, சிறுத்தையின் வாசலுக்கு அவர்கள் ஏன் போனார்கள்? இங்கேதான் வானம் மறுபடி கதைக்குள் வருகிறது.

கடலின் அடியில் படிந்த சேற்றில் மிக நுண்ணிய உயிர்களின் ஓடுகள் கிடக்கின்றன. உலகத்தின் தண்ணீரில் பெரும் பங்கு பனிக்கட்டியாக நிலத்தில் தங்கிவிடும் காலங்களில், கடலில் கனத்த வகை ஆக்ஸிஜனின் விகிதம் கூடுகிறது. அந்த ஓடுகளில் அது பதிந்துவிடுகிறது. அந்தப் பதிவைப் படித்தவர்கள் சொல்வது இது: ஏறத்தாழ 30 லட்சம் வருஷங்களுக்கு முன் தொடங்கிப் பூமி குளிர்ந்துகொண்டே போயிற்று, வடக்கே பனிப்பாளங்கள் பெருகின, ஆப்பிரிக்காவில் காலப்போக்கில் மழை சுருங்கிக் காடு குறைந்து புல்வெளி பரந்தது. பிரெய்னுடன் அதே மியூசியத்தில் வேலை செய்த எலிஸபெத் வர்பா என்ற அம்மையார் குகைகளில் கிடைத்த மான் இன எலும்புகளை ஆராய்ந்தார். சுமார் 25 லட்சம் வருஷங்களுக்கு முந்தைய காலத்தை ஒட்டி, காட்டில் தழை மேயும் இனங்கள் குறைந்து, வெட்டவெளியில் புல் மேயும் இனங்கள் பெருகியதை எடுத்துக் காட்டினார். ஆப்பிரிக்காவில் மனிதன் தோன்றியதே பூமி குளிர்ந்ததன் விளைவா என்று பிரெய்னும் ஓர் உரையில் கேட்டார். அது 1981-ல் அச்சாயிற்று.

மரங்கள் குறைந்த நாட்டில் மரமேறிப் பிழைத்த ஜீவன் இரவில் எங்கே தூங்கும்? குளிரும் பனியும் வாட்டும்போது குகைதான் கதி. இன்றைக்கும் அந்தப் பக்கத்துப் பபூன்கள் குளிர் இரவுகளில் குகைக்குள் புகுந்து படுக்கின்றன. பிரெய்ன் ஒரு தடவை அப்படிப்பட்ட ஒரு குகைக்குள் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு திடீரென்று தம்மைக் காட்டிக்கொண்டார். குரங்குகள் கதறிக் குதித்து ஒரே அமர்க்களம் செய்தன. ஆனால் ஒன்றுகூட வெளியே ஓடவில்லை. உள்ளே நிற்கும் மனிதனைவிட வெளியே இருந்த இருட்டுக்கு அவை அதிகம் பயந்தன. நம் முன்னோர்களின் நிலையும் அதுவாகத்தான் இருந்திருக்கும். வெளியே குளிர், உள்ளே சிறுத்தை.

ஸ்டெர்க்ஃபோன்டைன் குகையின் அடுக்குகளில் பிரெய்ன் இன்னொரு விஷயத்தைக் கவனித்தார். கீழே இருக்கும் பழைய அடுக்கில் குரங்கு மனிதர்கள் இரையாகக் கிடக்கிறார்கள், கல்லாயுதம் கிடையாது. அதற்கு மேலே இருக்கும் அடுக்கில் கல்லாயுதங்கள் கிடக்கின்றன; குகையில் மனிதன் குடியிருந்த அடையாளம் தெரிகிறது. இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே எப்போதோ, வீட்டுக்காரனும் விருந்தும் இடம் மாறிவிட்டார்கள். சிறுத்தையை வெளியேற்றிவிட்டு மனிதன் உள்ளே வந்துவிட்டான்.

எதைக் கொண்டு வெளியேற்றினான்? 1980-களில் ஸ்வார்ட்கிரான்ஸின் ஓர் அடுக்கில் கறுத்த எலும்புகள் தென்பட ஆரம்பித்தன. கறுப்பாக இருப்பதெல்லாம் தீயில் கருகியதாகாது. மண்ணில் உள்ள மாங்கனீஸும் எலும்பைக் கறுக்க வைக்கும். ஒரு காலத்தில் டார்ட்டும் மகாபான்ஸ்காட்டில் நெருப்பைக் கண்டதாக நம்பி, நெருப்பைத் திருடிய கிரேக்க வீரன் புரோமிதியஸின் பெயரைத் தம் குரங்கு மனிதனுக்குச் சூட்டி ஏமாந்தவர்தான். அதனால் பிரெய்ன் அவசரப்படவில்லை. ஆண்ட்ரூ சில்லன் என்ற ரசாயன அறிஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, புது எலும்புகளை வெவ்வேறு சூட்டில் எரித்து, பூதக்கண்ணாடியிலும் ரசாயனத்திலும் ஒப்பிட்டார். 59,488 எலும்புத் துண்டுகளைப் பார்த்ததில் 270 துண்டுகள் நிஜமாகவே தீயில் வெந்தவை என்று தெரிந்தது. 1988 டிசம்பரில் 'நேச்சர்' பத்திரிகையில் இருவரும் அதை வெளியிட்டார்கள். காலம் 10 லட்சம் முதல் 15 லட்சம் வருஷங்களுக்கு முன் என்று கணித்தார்கள். அதற்குக் கீழே இருந்த பழைய அடுக்குகளில் அப்படி எரிந்த எலும்பு இல்லை.

அந்த நெருப்பு மனிதன் மூட்டியதா, காட்டுத்தீயிலிருந்து எடுத்து வந்ததா, எடுத்து வந்தால் எப்படிக் காப்பாற்றினான் என்றெல்லாம் அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிரெய்னே, மனிதன் அதை மூட்டத் தெரிந்துகொண்டிருந்தான் என்று அடித்துப் பேசவில்லை. மின்னலில் பற்றிய புல்வெளியிலிருந்து ஒரு கொள்ளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துக்கொள்ளத் தெரிந்தாலே போதும். சிறுத்தை ஒரு நிமிஷம் தயங்கும். அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும்!

அவர் செய்த இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். ஸ்வார்ட்கிரான்ஸில் முனை மழுங்கிப் பளபளத்த எலும்புகள் பல கிடைத்தன. இவை ஆயுதங்கள்தானா? குகையில் கெட்டி மண்ணைத் தோண்ட உபயோகித்த ஒரு திருப்புளியின் முனையைப் பிரெய்ன் ஒரு நாள் உற்றுப் பார்த்தார். எலும்புகளில் இருந்த அதே கீறல், அதே பளபளப்பு. அந்த எலும்புகளால் மண்டையைப் பிளக்கவில்லை, மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள் என்று தெளிந்தார். கிழங்குக்காக என்பது அவர் கருத்து. கறையான் புற்றுக்காக என்று பின்னால் வந்த சிலர் 2001-ல் எழுதினார்கள். கிழங்கோ கறையானோ, டார்ட் சொன்னபடி முன்னோர்கள் எலும்பை எடுத்தது உண்மை. எடுத்த காரியம்தான் வேறு.

தம் ஆராய்ச்சியின் முடிவைப் பிரெய்ன் டார்ட்டிடமே நேரில் சொன்னாராம். வயதான டார்ட் முகம் சுளிக்கவில்லை. உற்சாகமாகக் கேட்டு மகிழ்ந்து போனார் என்று பிரெய்ன் எழுதியிருக்கிறார். தான் கட்டிய கோட்டையை இன்னொருவர் இடிக்கும்போது பார்த்துச் சந்தோஷப்பட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! டார்ட் 1988-ல் தமது 95-ஆம் வயதில் காலமானார். அவர் பின்னல் ஊசியால் வெளியே எடுத்த அந்தத் தவுங் குழந்தையும் ஒரு பெரிய கழுகு தூக்கிச் சென்ற இரை என்று 1995-ல் இரண்டு அறிஞர்கள் சொன்னார்கள். கண்குழிகளில் கழுகு கொத்திய அடையாளங்கள் இருப்பதாக 2006-ல் காட்டப்பட்டது. கொலைக் கதையின் முதல் பாத்திரமே கொல்லப்பட்ட குழந்தையாகிவிட்டது. ஸ்டெர்க்ஃபோன்டைன், ஸ்வார்ட்கிரான்ஸ் குகைகளை 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பிரெய்ன் 2023-ல், 92-ஆம் வயதில் மறைந்தார்.

மனிதன் சாதுப் பிராணி என்று நான் இப்போது வாதாட வரவில்லை. அவன் பிற்காலத்தில் வேடனானான் என்பதும், தன் இனத்தையே கொன்றான் என்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. தினசரிப் பத்திரிகையைப் பிரித்தால் போதும். நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கொலைகளுக்குப் பழியை மகாபான்ஸ்காட் குகையில் கிடந்தவன் தலையில் சுமத்த இனி வழியில்லை. 'ரத்தத்தில் இருக்கிறது, என்ன செய்வது?' என்று கையை விரிப்பது நமக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியம்தான் டார்ட்டின் கதையை அவ்வளவு வேகமாகப் பரப்பியது, என்னையும் ஏமாற்றியது. பிரெய்ன் காட்டிய முன்னோன் பயந்தவன்; குளிரில் நடுங்கியவன்; பிள்ளையைப் பறிகொடுத்தவன்; அப்புறம் எப்படியோ ஒரு கொள்ளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தவன். அவனிடமிருந்து நமக்கு வந்தது கொலையா, காவலா என்று கேட்டால், எலும்புகள் காவல் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன.

தொடர்கதை புத்தகமாக வரும் சமயத்தில் அந்த அத்தியாயத்தை மாற்ற வேண்டும் என்று பதிப்பாளரிடம் சொன்னேன். "வாசகர்கள் கைதட்டிய இடம் சார், அதில் கை வைக்காதீர்கள்" என்றார். வக்கீலின் பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் அதற்குப் பின்னால் நாலு வரி சேர்த்தேன். சர்க்கார் தரப்பு வக்கீல், வயதானவர், மெதுவாக எழுந்திருக்கிறார். "என் நண்பர் சொன்ன அந்த மண்டை ஓட்டில் இரண்டு துளைகள் இருந்தனவே, அவற்றின் அளவை யாராவது எடுத்தார்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

புத்தகத்தில் ஒரு பிரதியை அந்தப் பூகோள ஆசிரியருக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து இன்னொரு கார்டு வந்தது. "புத்தகம் கிடைத்தது. 214-ஆம் பக்கத்தில் ஆற்றின் போக்கைத் தவறாகக் காட்டியிருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார்.